கடைமடைக்கு வராத வெளிச்சம்

(இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கும் மின் இணைப்பு மாற்றங்களும் குறித்து, மெக்கானிக்குகளும் பொதுமக்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் பெரியவர்கள் இருக்கிறீர்கள். நடுவில் கல்லூரி மாணவர்கள். பின்வரிசையில், கடையைப் பூட்டிவிட்டு கிரீஸ் கறையோடு நேராக வந்திருக்கிற மெக்கானிக் தம்பிகள். மூன்று தரப்புக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருப்பதால் சமன்பாடுகளைத் தவிர்த்துவிடுகிறேன். ஆனால் எண்களைத் தவிர்க்க மாட்டேன். எண் இல்லாமல் வெளிச்சத்தைப் பற்றிப் பேசினால் அது ஆளுக்கொரு அபிப்பிராயமாகத்தான் முடியும்.

மெக்கானிக் கடையில் அடிக்கடி காதில் விழுகிற வாசகம் ஒன்று உண்டு: “அண்ணே, நைட்ல வெளிச்சம் பத்தலண்ணே.” அதற்குக் கிடைக்கிற பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “பல்ப மாத்திரலாம் தம்பி. எல்இடி போட்டா சும்மா பகல் மாதிரி இருக்கும்.” இந்தப் புகாருக்கும் இந்தத் தீர்வுக்கும் நடுவில் யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு. இப்போது இருக்கிற பல்புக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேர்கிறது? சேர்ந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது? இன்றைக்கு நான் பேசப்போவது இந்த இரண்டைப் பற்றித்தான்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர். எதிரே ஏதோ கிடக்கிறது என்று கண் பார்த்து, மனம் புரிந்துகொண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிட்டது. காய்ந்த சாலையில், சுமாரான பிரேக்கில், வண்டி நிற்க இன்னும் 28 மீட்டர். ஆக மொத்தம் 53 மீட்டர். இதே கணக்கை 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் ஏறக்குறைய 83 மீட்டர் வரும். மழை பெய்திருந்தால் இரண்டுமே கூடும்.

நல்ல நிலையில் இருக்கிற விளக்கே டிம்மில் கறுப்பு நிறப் பொருள் ஒன்றைச் சுமார் 50 மீட்டர் அளவில்தான் தெளிவாகக் காட்டும். நம் சாலைகளில் இரவில் மோதப்படுகிறவை பெரும்பாலும் கறுப்பாகத்தான் இருக்கின்றன. படுத்திருக்கும் எருமை, பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், பஞ்சராகி ஓரம்கட்டிய லாரி, பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை. ஆகவே டிம்மில் 60-க்கு மேல் போகிறவர் தன் விளக்கின் எல்லையைத் தாண்டித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

“அப்படியானால் வாட் கூடின பல்பு போட்டுவிடலாமே?” என்று கேட்கத் தோன்றும். அங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. தூரம் இரு மடங்கானால் அங்கே விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். 50 மீட்டரில் தெரிவது 100 மீட்டரிலும் அதேபோலத் தெரிய, நாலு மடங்கு ஒளி வேண்டும். 60 வாட்டை எடுத்துவிட்டு 100 வாட் போடுகிறவருக்கு, எல்லாம் சரியாக அமைந்தாலும், பார்வைத் தூரம் முப்பது சதவீதம்கூட முழுசாகக் கூடாது. எல்லாம் சரியாக அமையவும் செய்யாது. அது ஏன் என்பதற்குத்தான் இப்போது வருகிறேன்.

கையில் ஒரு பல்பு

இதோ நான் பிடித்திருப்பது எச்4 என்ற ஆலஜன் பல்பு. 1971-இல் வந்தது, புல்லட்டிலிருந்து பழைய கார் வரைக்கும் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக்குள்ளே இரண்டு இழைகள் இருக்கின்றன. ஒன்று பிரைட், 60 வாட். இன்னொன்று டிம், 55 வாட். பின்வரிசைக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்: டிம் இழைக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. இழையிலிருந்து கீழே போகிற ஒளியை அந்தக் கிண்ணம் மறைத்துவிடுகிறது. ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும்தான் ஒளி படும். அங்கே பட்டது சாலையை நோக்கிக் கீழே இறங்கும். எதிரே வருகிறவர் கண்ணுக்கும் உங்கள் விளக்குக்கும் நடுவில் நிற்கிற ஒரே காவல் அந்தத் தகடுதான்.

கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பக்கம் 15 டிகிரி சாய்வு உண்டு. அதனால்தான் சுவரில் டிம் அடித்துப் பார்த்தால் கோடு நேராக வந்து, இடப்பக்கம் மட்டும் மேலே ஏறும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஓரத்தில் நடந்து போகிறவர் தெரிய வேண்டும், எதிரே வருகிறவருக்குக் கூச்சம் கூடாது. இதற்காகத்தான் அந்தச் சாய்வு. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த ஹெட்லைட் டோமை ‘இம்போர்டட்’ என்று வாங்கி மாட்டினால், அந்த ஏற்றம் வலப்பக்கம் திரும்பி எதிரே வருகிறவர் முகத்தில் நேராக அடிக்கும்.

இந்தப் பல்பு பிரைட்டில் 1,650 லூமன், டிம்மில் 1,000 லூமன் தர வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். நம் 100, 125, 150 சிசி வண்டிகள் பலவற்றில் இருக்கிற 35 வாட் எச்எஸ்1 பல்புக்கு முறையே 825, 525. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் இந்த எண்களுக்கெல்லாம் ஒரு நிபந்தனை இருக்கிறது: பல்பின் காலில் 13.2 வோல்ட் இருக்க வேண்டும்.

வழியில் காணாமல் போவது

இழை பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய 28 சதவீதம் வெளிச்சம் போய்விடும். வெள்ளையாக இருந்த ஒளி மஞ்சளாகி, மங்கித் தெரியும். மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: ஐந்து சதவீதம் வோல்ட் கூடினால் பல்பின் ஆயுள் பாதியாகும்.

இப்போது ஒரு பழைய வண்டியின் பாதையை நினைத்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் ஃபியூஸுக்கு வருகிறது. அங்கிருந்து சாவி, சாவியிலிருந்து ஹேண்டில்பார் சுவிட்ச், அதற்குள்ளேயே டிம்-பிரைட் சுவிட்ச், அப்புறம் டோமுக்குள் ஒரு கப்ளர், ஹோல்டர், பல்பு. திரும்பி வர எர்த். போகவும் வரவும் சேர்த்து நாலு மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரிங் கிட்டில் இருக்கிற அரை சதுர மில்லிமீட்டர் செம்புக்கு நாலு மீட்டரில் 0.14 ஓம் தடை. பச்சை பூத்த சுவிட்ச் முனைகள், துரு ஏறிய எர்த் போல்ட் எல்லாம் சேர்ந்து இன்னொரு 0.1 ஓம். 60 வாட் பல்பு இழுப்பது சுமார் 5 ஆம்ப். பெருக்கிப் பாருங்கள்: 1.2 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. பேட்டரியில் 13.2 இருந்தால் பல்புக்கு 12 தான். அதாவது காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே கழிந்துவிட்டது.

காவிரிப் படுகைக்காரர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலைத் தூர்வாரச் சொல்வோமே தவிர, மேட்டூரில் இன்னும் இரண்டு மதகைத் திறந்துவிடச் சொல்ல மாட்டோம். அடைந்த வாய்க்காலில் அதிகத் தண்ணீரை விட்டால் கரைதான் உடையும். பல்பை மட்டும் மாற்றுகிறவர் செய்வது அந்த வேலையைத்தான்.

கரை உடைவதையும் கணக்கிலேயே காட்டுகிறேன். 100 வாட் பல்பு சுமார் 8.3 ஆம்ப் இழுக்கும். அதே வழியில் இப்போது 2 வோல்ட் போகும். பச்சை பூத்த முனைகளிலும் எர்த் போல்ட்டிலும் சேர்ந்து முன்பு இரண்டரை வாட் சூடு பிறந்தது. இப்போது ஏறக்குறைய 7 வாட். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அந்தச் சூட்டில் பெரும்பகுதி அடைந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேசை மேல் ஒரு சாட்சி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். உருகிய ஹோல்டர். நடு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி, வழிந்து, வயரின் தோல் கருகியிருக்கிறது. மற்ற இரண்டு முனைகளும் புதிதாக வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கின்றன. தளர்ந்திருந்தது அந்த ஒரு முனை மட்டும்தான்.

அளந்து பார்ப்பது எப்படி?

இருநூறு, முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஆனால் இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்: பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வைத்து அளக்கிறார்கள். பேட்டரியில் இருப்பதே அங்கேயும் காட்டும். “கரண்டு சரியாத்தான் வருது” என்று முடிவுகட்டிவிடுவார்கள். மின்சாரம் ஓடினால்தான் இழப்பு தெரியும். ஆகவே பல்பு மாட்டியிருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள். கறுப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கமாக, எரிகிற இழைக்கான வயரில் தொடுங்கள். மீட்டர் காட்டுவதே போகும் வழியின் இழப்பு. அதேபோல ஹோல்டரின் எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வைத்தால் வரும் வழியின் இழப்பு. இரண்டும் சேர்ந்து அரை வோல்டுக்குள் இருந்தால் உங்கள் வயரிங்கில் குறையில்லை. ஒன்றைத் தாண்டினால் பல்புக் கடைக்குப் போகாதீர்கள், உப்புத்தாள் கடைக்குப் போங்கள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபிரேமில் எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலைன் தடவுங்கள். சுவிட்சைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். தளர்ந்த முனைகளைக் குறடால் லேசாக அழுத்தி இறுக்குங்கள். பாதி வண்டிகளின் புகார் இதிலேயே தீர்ந்துவிடும். கடைக்காரருக்கு விற்க ஒன்றும் இல்லாத வைத்தியம் என்பதால் இதை யாரும் சொல்வதில்லை.

புல்லட்டும் அம்மீட்டரும்

இந்த விஷயத்தில் சென்னைக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவானது. 1961-இல் பாடியில், வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் வந்தது. பர்மிங்காம் லூகாஸ் விளக்குகளை நம்பி இரவில் போன இங்கிலாந்துக்காரர்கள், அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வது வழக்கம். கேலிக்கு லூகாஸ் மட்டும் காரணம் இல்லை. 6 வோல்ட் என்ற ஏற்பாடும் சேர்ந்துதான் காரணம்.

ஏன் என்று பாருங்கள். 35 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 3 ஆம்புக்குள் இழுக்கும். 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்ப். அதே வயரில் இழப்பு இரு மடங்கு. இருப்பதோ பாதி வோல்ட். ஆகவே சதவீதத்தில் பார்த்தால் நாலு மடங்கு. அரை வோல்ட் தொலைந்தால் 12 வோல்ட் வண்டி அதைப் பொருட்படுத்தாது. 6 வோல்ட் வண்டி கண்ணை மூடிவிடும். உலகம் முழுவதும் 12 வோல்ட்டுக்கு மாறியதற்கு இந்த எளிய கணக்கு ஒரு பெரிய காரணம்.

பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு முகப்பு டோமின் மேலே இருந்த அம்மீட்டர் நினைவிருக்கும். ஐடிலில் நிற்கும்போது ஹெட்லைட்டைப் போட்டால் முள் மைனஸ் பக்கம் சாயும். இண்டிகேட்டர் போட்டால் டிக், டிக் என்று அதன் தாளத்துக்கு முள் ஆடும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மெல்ல எழுந்து பிளஸ் பக்கம் வரும். வண்டி எவ்வளவு சம்பாதிக்கிறது, எவ்வளவு செலவழிக்கிறது என்பதை அந்த முள் ஓட்டுகிறவர் கண்ணெதிரே காட்டிக்கொண்டே இருந்தது. இன்றைய டிஜிட்டல் மீட்டரில் மைலேஜ் தெரிகிறது, போன் அழைப்பு தெரிகிறது. அந்த வரவுசெலவு மட்டும் பல வண்டிகளில் தெரிவதில்லை. எக்ஸ்ட்ரா விளக்கு மாட்டுகிறவர்கள் முதலில் ஒரு சின்ன வோல்ட்மீட்டர் மாட்டிக்கொள்வது நல்லது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் வரவு சரியாக இருக்கிறது. 12.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியிலிருந்து எடுத்துச் செலவு செய்கிறீர்கள்.

ரிலே எதற்கு?

வழியைச் சுருக்குவதற்கு ரிலே. நாலு காலுள்ள சின்னப் பெட்டி, விலை அதிகமில்லை. கால்களில் 30, 87, 85, 86 என்று எழுதியிருக்கும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று ஃபியூஸ் வழியாக 30-க்கு. 87-இலிருந்து நேராக பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயரை 85-க்கோ 86-க்கோ கொடுத்து, மற்றதை எர்த் செய்துவிட வேண்டும். இனிமேல் சாவி, சுவிட்ச் வழியே போவது ரிலே காயிலை இழுக்கிற 0.15 ஆம்ப் போன்ற சொற்ப மின்சாரம்தான். பல்பின் 5 ஆம்ப் தடித்த வயரில் குறுக்கு வழியாக வந்து சேரும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே.

இதில் செய்கிற தப்புகள் மூன்று. ஃபியூஸை ரிலே பக்கத்தில் வைப்பது முதல் தப்பு. அது பேட்டரியை ஒட்டித்தான் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே வயர் உரசி ஃபிரேமில் பட்டால் தடுக்க ஆளே இல்லை, தீதான். இரண்டாவது, எர்த்தைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவது. போகும் வழியை அகலமாக்கிவிட்டு வரும் வழியைக் குறுகலாக விட்டால் பாதிப் பயன்தான். மூன்றாவது, முறுக்கி டேப் சுற்றுவது. எஞ்சின் சூட்டில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, ஆறு மாதத்தில் அவிழ்ந்து தொங்கும். முனைகளைக் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். கம்பெனி கப்ளருக்குப் பொருந்துகிற ரெடிமேட் வயரிங் கிடைக்கிறது. அதை வாங்கினால் கம்பெனி வயரை வெட்டவே தேவையில்லை.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. ரிலே மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இருப்பதைக் கொண்டுசேர்க்கிறது, அவ்வளவுதான். சிக்னலில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். டிம் 55 வாட், பின்விளக்கு 5, பிரேக் விளக்கு 21, ஒரு பக்கத்து இண்டிகேட்டர்கள் 20. இக்னிஷன் கணக்கில் வருவதற்கு முன்பே 101 வாட். மின்சாரத்தை உண்டாக்குகிற ஸ்டேட்டர் காயிலின் திறன் என்று சர்வீஸ் புத்தகத்தில் எழுதியிருப்பது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் ஒரு பங்குதான் வரும். இந்தக் கூட்டல் கழித்தலைப் போடாமல் ஜோடி ஃபாக் லேம்ப் மாட்டிவிட்டு, பிற்பாடு பேட்டரி கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

கொண்டை ஊசியில் மங்கும் விளக்கு

இதுவரை சொன்னது பேட்டரியிலிருந்து, அதாவது டிசியில், எரியும் விளக்குக்கு. நம் ஊரில் லட்சக்கணக்கான பழைய 100 சிசி வண்டிகளில் ஏற்பாடே வேறு. அங்கே ஹெட்லைட் ஏசியில் எரிகிறது. மேக்னெட்டுக்குள் சுற்றியிருக்கிற காயிலிலிருந்து பேட்டரியைத் தொடாமல் நேராக பல்புக்கு வந்துவிடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பிரகாசம், மெதுவானால் மங்கல். பேட்டரி செத்தாலும் விளக்கு எரியும் என்பது இதன் நன்மை.

குறை என்ன என்று கொல்லிமலைக்கு இரவில் ஏறியவர்களைக் கேளுங்கள். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைய வேண்டும்; எஞ்சின் சுற்று இறங்கும்; விளக்கும் கூடவே இறங்கும். சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிய வேண்டிய அந்த இடத்தில்தான் இருட்டு. வண்டி சாயும்போது டிம்மின் வெட்டுக்கோடும் சேர்ந்து சாய்ந்து, வளைவின் உட்புறத்தை இன்னும் இருட்டாக்கும். ஓட்டத் தெரிந்தவர்கள் கிளட்சைப் பாதி பிடித்து ஆக்ஸிலேட்டர் கொடுத்துச் சமாளிப்பார்கள்.

இதற்கு மெக்கானிக்குகள் செய்கிற மாற்றம், ஏசியை டிசியாக்குவது. காயிலின் ஒரு முனை எர்த்தில் இணைந்திருக்கும். அதைப் பிரித்து, முழுக் காயிலின் இரண்டு முனைகளையும் வெளியே கொண்டுவந்து, ஃபுல் வேவ் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் (ஆர்ஆர்) யூனிட்டுக்குக் கொடுத்து, எல்லா விளக்குகளையும் பேட்டரியிலிருந்து எரிப்பார்கள். சுத்தமாகச் செய்தால் ஐடிலிலும் நிலையான வெளிச்சம் கிடைக்கும். ஆனால் பழைய ஆர்ஆர் யூனிட்டையே வைத்துக்கொண்டு ஹெட்லைட் வயரை மட்டும் பேட்டரிக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த யூனிட் பேட்டரிக்குக் கொடுப்பது சார்ஜ் செய்யும் அளவுக்கு மட்டும்தான். 35 வாட் விளக்குக்குச் சுமார் 3 ஆம்ப் வேண்டும். 3 ஆம்ப்-அவர் பேட்டரி கணக்குப்படி ஒரு மணி நேரம், நடைமுறையில் அதற்கும் குறைவு. நடுக்காட்டில் ஹாரனும் செல்ஃபும் சேர்ந்து நின்றுபோகும். இன்னொன்று: ஏசி ஹெட்லைட் வயரில் சாதாரண டிசி ரிலேயை மாட்டினால் அது இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு கடகடவென்று அடித்துக்கொள்ளும். ஏசியா டிசியா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கையில் கட்டர் எடுக்க வேண்டும்.

எல்இடி போட்டால் எஞ்சினுக்குப் பாரம் குறைந்து மைலேஜ் கூடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. நம் சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். விளக்கு எடுக்காத மின்சாரத்தை அது தன்னிடமே எர்த் செய்து சூடாக்கித் தீர்த்துவிடும். விளக்கில் மிச்சம் பிடித்தது பெட்ரோலில் மிச்சமாவதில்லை. ரெகுலேட்டரின் மேல் இருக்கிற ஃபின்களில் சூடாக வெளியே போகிறது.

2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்று விதி வந்தது; ஹேண்டில்பாரிலிருந்து விளக்கு சுவிட்ச் மறைந்தது. பகலில் மற்றவர் நம்மைப் பார்ப்பதற்கான ஏற்பாடு அது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பெட்ரோல் பம்ப், இசியு எல்லாம் அதே பேட்டரியிடம் கை நீட்டுகின்றன. அந்தக் காலத்தில் கார்புரேட்டர் வண்டியில் வயரை வெட்டி ஒட்டுப்போட்டால் விளக்குதான் அணையும். இப்போது வண்டியே நிற்கும். புது வண்டியில் கம்பெனி வயரிங்கை வெட்டாதீர்கள் என்று சொல்வதற்கு வாரன்டி இரண்டாவது காரணம்தான்.

எதிரே வருகிறவர் கண்

சேர்ந்த வெளிச்சம் எங்கே போய் விழுகிறது என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆலஜன் டோமுக்குள் எல்இடி பல்பு மாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சற்று முன் காட்டிய அந்தக் கிண்ணமும் இழையும் மில்லிமீட்டர் கணக்கில் இடம் பார்த்து வைக்கப்பட்டவை. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இடத்துக்காகச் செய்தது. எல்இடியில் ஒளி வருவது இரண்டு தட்டையான பக்கங்களிலிருந்து. இடம் கொஞ்சம் பிசகினாலும் ஒளி சிதறி, வெட்டுக்கோடு அழிந்து, மரக்கிளையெல்லாம் பளிச்சென்று தெரியும். “என்ன வெளிச்சம் பாருங்க!” என்று ஓட்டுகிறவர் மகிழ்கிறார். அவருடைய வண்டிக்கு முன்னால் பத்தடியில் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அந்தப் பளிச்சில் கண் கூசி, 50 மீட்டருக்கு அப்பால் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது. கம்பெனியிலேயே எல்இடிக்கென்று வடிவமைத்து வருகிற விளக்கு வேறு. அதை நான் குறை சொல்லவில்லை.

எதிரே வருகிறவருக்கு என்ன ஆகிறது? இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதைக் கலைக்க ஒரு நொடி போதும். கண்புரை தொடங்கிய பெரியவருக்கு லென்ஸுக்குள்ளேயே ஒளி சிதறி, சாலை முழுவதும் ஒரே வெள்ளைத் திரையாகிவிடும். அறுபது வயதில் மொபெட்டில் சந்தைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற விவசாயி அவர். நாலுவழிச்சாலை நடுவில் அரளிச்செடி எதற்கு என்று பலருக்கும் தெரியும். எதிர்த் திசை வெளிச்சத்தை மறைக்கத்தான். லாரி ஹெட்லைட்டின் நடுவில் போலீஸார் ஒட்டிய கறுப்புப் பொட்டும் அதற்குத்தான். ஆனால் நம் மாவட்டச் சாலைகளில் அரளிக்கு இடமில்லை. அங்கே எதிரெதிரே வரும் இருவருக்கும் நடுவில் இருப்பது ஒருவர் இடது கைக் கட்டைவிரல் மட்டும்தான். அது டிம் சுவிட்சை அழுத்தினால் இருவரும் வீடு போய்ச் சேர்வார்கள்.

கட்டைவிரல் அழுத்தியும் பயனில்லாமல் போகிற இடம் ஒன்று உண்டு. தனியாகப் போகும்போது டிம் சரியாக இருக்கிறது. பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, பக்கத்தில் ஒரு மூட்டை. பின்பக்கம் 3 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்று வைப்போம். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சுமார் 125 சென்டிமீட்டர். முகப்பு அந்த விகிதத்தில் நிமிர்ந்துவிடும். 10 மீட்டருக்கு அப்பால் வெட்டுக்கோடு 24 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும். டிம்மே பிரைட்டாகிவிட்டது! ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பின் ஷாக் அப்சார்பரில் இருக்கிற நாட்ச்சைத் திருப்பி இறுக்குவதும், டோமின் திருகைச் சற்றே இறக்குவதும்தான் வழி. சமதரையில், காற்று சரியாக அடித்து, வழக்கமாக ஏறுகிற ஆட்களை ஏற்றி, சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தை விட வெட்டுக்கோடு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழுந்தால் சரி.

ஒரு யோசனை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. ஆனால் அபராதத்தால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. தன் விளக்கு எங்கே விழுகிறது என்று தெரியாத ஒருவரை எத்தனை தடவை தண்டித்தாலும் அவருக்கு அது தெரியப்போவதில்லை.

புகைச் சான்றிதழுக்காக நாம் எல்லோரும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்துகிறோம். சைலன்ஸரில் குழாயை விட்டு அளக்கிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள். பல பங்குகளில் பக்கத்திலேயே ஒரு வெற்றுச் சுவர் இருக்கிறது. அதில் தரையிலிருந்து உயரங்களைக் குறித்துக் கோடுகளும், 10 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடும் போட்டுவிட்டால், மாலையில் பெட்ரோல் போட வருகிற ஒவ்வொருவரும் தன் விளக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு டின் பெயின்ட் செலவு. பங்கு உரிமையாளர்கள் இந்த அவையில் இருந்தால் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். “வெளிச்சம் பத்தல” என்று வருகிறவருக்கு பல்பை எடுத்து நீட்டும் முன் மீட்டரை எடுங்கள். இழப்பை அளந்து, அந்த எண்ணை பில்லில் எழுதிக் கொடுங்கள். அதற்குக் கூலியும் வாங்குங்கள். உங்கள் அறிவுக்குக் கூலி கேட்கத் தயங்குவதால்தான் தேவையில்லாத பொருளை விற்றுப் பிழைக்க வேண்டியிருக்கிறது. அளந்து சொல்கிற கடை என்று பெயர் வாங்கிய கடைக்கு வாடிக்கையாளர் குறைந்து நான் பார்த்ததில்லை.